முப்பத்தி நாலாம் நம்பர்

—இல்ல சார், கூட்டல்ல தப்பில்ல. மூணு தடவ கூட்டிப் பாத்துட்டேன். உங்க திட்டத்துல இருந்த இருவது பேர்ல பதினொரு பேரு மேல படிக்கப் போயிருக்காங்க. திட்டத்துல எடம் கெடைக்காத இருவது பேர்ல பன்னெண்டு பேரு போயிருக்காங்க.

—அலமாக்! ரெண்டு வருசம் மிஸ். சனிக்கெழம தவறாம வந்து தொண்டத்தண்ணி வத்தக் கத்துனேன். யூனிவர்சிட்டிக்கு மனு போடுறது எப்டி, நேர்முகத்துல கால ஆட்டாம உக்கார்றது எப்டின்னு ஒன்னொன்னா சொல்லிக் குடுத்தேன். பஸ் எடுத்து ஸ்கூடாய் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போயி யூனிவர்சிட்டிய சுத்திக் காமிச்சேன். கடைசியில வராதவங்கள்ல ஒரு ஆளு கூடுதலா போயிட்டாங்களா?

—அதத்தான் கேட்டுட்டுப் போலாம்னு ஜொகூர் பாருலேருந்து வந்தேன். போன்லயே கேட்டிருக்கலாம். ஆனா ரெண்டு நாளா மண்ட குடையுது சார்.

—குடையட்டும், மொதல்ல தே-ஓ குடிங்க. பாலோ ரோட்டுலயா வந்தீங்க? செம்பன லோரி வழி விட்டிருக்காதே.

—அர மணி நேரம் ஒரு லோரி பின்னாலயே வந்தேன். அதுல இருந்த குலைய எண்ணிக்கிட்டே வந்தேன். எண்றது எனக்குத் தொழில் மட்டும் இல்ல சார், வியாதி.

—நல்ல வியாதி லா. எனக்குப் பேச்சு வியாதி. "சபாபதி சார் ரூம்புக்குள்ள போனா மணி அடிச்சாத்தான் வெளிய வரமுடியும்"னு பிள்ளைங்க இந்தப் பக்கமே நடக்காதுங்க.

—சரி, இப்ப நான் கேக்கறேன், நீங்க பேசுங்க.

—மொதல்ல நான் ஒன்னு கேட்டுக்குறேன் மிஸ் ஜாக்லின். இந்தக் கணக்க இப்படியே, திட்டத்துக்குப் பணம் குடுக்கற உங்க அறவாரியத்துக்கு எழுதிக் குடுத்தா என்னாகும்?

—நிறுத்திருவாங்க. "இருந்தாலும் ஒன்னுதான், இல்லாட்டியும் ஒன்னுதான்"னு நான் ஒரு வரி எழுதினாப் போதும். வெள்ளிக்கெழமைக்குள்ள ரிப்போர்ட் போகணும்.

—வாசப் பலகையில பேரு ஒட்டியிருக்கே, பாத்தீங்களா? அடுத்த பேட்சுக்கு அறுவத்து ரெண்டு பேரு. போன தடவ நாப்பது பேர சேக்கறதுக்கு வீடு வீடா மோட்டார் சைக்கிள்ல போனேன். இந்தத் தடவ நான் யாரையும் கூப்புடல. தானா வந்து எழுதிட்டுப் போனதுங்க. அதுங்க மூஞ்சியில நான் எப்டி முழிப்பேன்? திட்டம் இல்லன்னு எந்த வாயால சொல்லுவேன்?

—சொல்ற மாதிரி ஆயிடக்கூடாதுன்னுதான் சார் இங்க உக்காந்திருக்கேன். கேக்கறதுக்கு மட்டும் ஒளிவு மறைவு இல்லாம பதில் சொல்லுங்க.

—என்னம்மா நீங்க, ஒளிக்க என்ன இருக்கு? இருவத்தாறு வருசமா ஸ்கூல் புள்ளைங்களுக்கு ஆலோசன சொல்ற கவுன்சிலரா இருக்கேன். இந்த மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்தவங்க எல்லாரும் உண்மையத்தான் சொல்லிட்டுப் போயிருக்காங்க. இன்னைக்கு என் முறன்னு வச்சுக்கங்க.

—இந்தாங்க. நாப்பது பேரும் ஃபார்ம் த்ரீ படிச்சப்ப எடுத்த வருகைப் பதிவு. திட்டம் ஆரம்பிக்கறதுக்கு முந்தின வருசம். அம்பது நாளுக்கு மேல ஸ்கூலுக்கே வராதவங்க ஒம்பது பேரு. செவப்பு மையில கோடு போட்டிருக்கேன்.

—ஆமா. ஒம்பது பேரு வீட்டுக்கும் வழி தெரியும் எனக்கு.

—ஒம்பது பேரும் திட்டத்துல இருக்காங்க. அந்தப் பக்கத்துல ஒருத்தர்கூட இல்ல.

—அதுங்களுக்கு நல்ல காலம்.

—சார், நாப்பது பேருக்கும் சீட்டுக் குலுக்கித்தானே எடுத்தீங்க? குலுக்கினா நல்லா வர்றவங்க, வராதவங்க எல்லாம் ரெண்டு பக்கமும் கலந்து விழணும். ஒம்பதும் ஒரே பக்கம் விழறதுங்கறது, காசச் சுண்டிவிட்டா ஒம்பது தடவையும் தலையே விழற மாதிரி.

—விழவே விழாதுன்னு இல்லயே. எல்லாம் தலையெழுத்து மிஸ். மேல இருக்கறவன் பாத்துப் போட்டிருப்பான்.

—நானும் ஞாயித்துக்கெழம தவறாம கோயிலுக்குப் போயி பூச பாக்கறவதான். ஆனா ரிப்போர்ட்டுல மேல இருக்கறவரோட கையெழுத்து இல்லயே. உங்க கையெழுத்துதான் இருக்கு. "குலுக்கல் மாணவர் அனைவர் முன்னிலையிலும் நடந்தது. இப்படிக்கு, சபாபதி."

—ஆமா, என் கையெழுத்துதான்.

—நடந்துச்சா?

—சீட்ட எல்லார் முன்னாலயும்தான் போட்டாங்க. அவங்கவங்க பேர அவங்கவங்களே எழுதி மடிச்சு பிஸ்கட் டின்னுல போட்டாங்க. எடுக்கப் போற நேரம் பாத்து மழ கொட்டுச்சு. ஆத்துல தண்ணி ஏறுதுன்னு பஸ்ஸுக்காரன் பன்னெண்டு மணிக்கே வந்து ஹாரன் அடிக்கிறான். எல்லாம் பைய தூக்கிக்கிட்டு ஓடிருச்சுங்க. அப்புறம் நான் மட்டும் இதே மேசையில உக்காந்து எடுத்தேன்.

—எடுத்த இருவது பேர அப்படியே மறுநாளு பலகையில ஒட்டுனீங்களா?

—பாக்க சாதுவாத்தான் இருக்கீங்க மிஸ். போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம் நீங்க.

—சார்.

—ஒட்டல.

—எத்தன பேர மாத்துனீங்க?

—ஏழு. அந்த ஒம்பதுல ரெண்டு பேரு சீட்டுல தானா வந்துட்டாங்க. மிச்சம் ஏழு பேர நான்தான் உள்ள போட்டேன். அதுக்கு ஈடா ஏழு பேர வெளிய தூக்குனேன்.

—ஏன் சார் அப்டி?

—ரூபேந்திரன்னு ஒருத்தன். அப்பாகூட தோட்டத்துல குலை வெட்டப் போயிட்டு, வாரத்துல ரெண்டு நாளு ஸ்கூலுக்கு வருவான். கணக்குல புலி. பிரேமலான்னு ஒரு பொண்ணு. அம்மா சிங்கப்பூர்ல வேல, மூணு தம்பிங்களுக்கு இவதான் சமைக்கணும். எடுத்த பேரையெல்லாம் விரிச்சு வச்சுப் பாக்குறேன், ரெண்டு பேரும் இல்ல. வேற யாரு இருக்காங்கன்னு பாத்தா, டியூசன் போற புள்ள, வாத்தியார் வீட்டுப் புள்ள. அதுங்களுக்கு எதுக்கு இது? நான் சொல்லிக் குடுக்காட்டியும் எப்டியாவது போயிருங்க. பசிக்கிறவனுக்குத்தானே மிஸ் மொதல்ல எல போடணும்?

—யாருக்குப் பசின்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க.

—மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிரும்.

—எனக்கு இப்ப கோவம் வருது சார், சொல்லிடறேன். அன்னைக்கே ஒரு போன் போட்டு "இந்த ஏழு பேரு சீட்டுல வரல, இவங்களுக்குத் தனியா எடம் வேணும்"னு கேட்டிருந்தீங்கன்னா குடுத்திருப்போம். அதுக்குன்னு எடம் ஒதுக்கி வச்சிருந்தோம்.

—கேட்டா குடுப்பீங்களா?

—திட்டத்துக்கு நீங்க போட்ட மனுவுல மூணாவது பக்கத்துல எழுதியிருக்கு.

—அட... புள்ளைங்களுக்கு "மனுவக் கடைசி வரி வரைக்கும் படி"ன்னு நான்தான் சொல்லிக் குடுக்கறேன். நான் படிக்கல பாருங்க.

—சரி, உள்ள போட்ட ஏழு பேரும் என்ன ஆனாங்க?

—ரூபேந்திரன் பொலிடெக்னிக்ல இருக்கான். இன்னொருத்தன் ஃபார்ம் சிக்ஸ். மத்த அஞ்சு பேரும் மேல போகல. ஆனா அஞ்சு பேரும் எஸ்பிஎம் எழுதி முடிச்சாங்க மிஸ். விட்டிருந்தா பரிட்ச மண்டபத்துப் பக்கமே வந்திருக்காதுங்க. பிரேமலா ரிசல்ட் வாங்க வந்தப்ப தம்பிங்க மூணையும் கூட்டிக்கிட்டு வந்தா. அக்கா பாஸு, அக்கா பாஸுன்னு அதுங்க குதிச்ச குதி இருக்கே, ஆபீஸ் கிராணி எழுந்து வந்து பாத்தாரு. உங்க ஃபார்ம்ல அதுக்கு ஒரு கட்டம் இருக்கா?

—இல்ல. போனாங்களா, போகலயான்னு மட்டும்தான் கேக்குது. இருக்க வேண்டிய கட்டம்தான் சார். எழுதிக்கறேன்.

—எழுதுங்க. எழுதிட்டு என்னை என்ன பண்ணப் போறீங்கன்னும் சொல்லுங்க. திட்டமும் போச்சு, என் பேரும் போச்சு.

—இருங்க சார். பேசாதீங்க. ஒரு நிமிசம்.

—எதுக்கு இப்ப சிரிக்கிறீங்க?

—போச்சான்னு இன்னும் தெரியாதே. உங்க பக்கத்துலேருந்து அந்த ஏழு பேர ஒதுக்கி வச்சா பதிமூணு பேரு. பதினொன்னுல ரெண்டு போனா ஒம்பது. பதிமூணுல ஒம்பது பேரு படிக்கப் போயிருக்காங்க! இப்ப அந்தப் பக்கத்துலயும் நீங்க தூக்கிப் போட்ட ஏழு பேர ஒதுக்கிட்டுப் பாக்கணும். யாரு யாருன்னு சொல்லுங்க.

—உங்ககிட்டதான் லிஸ்ட் இருக்கே.

—எங்கிட்ட இருக்கறது நம்பர்தான் சார். பேரு வெளிய தெரியக்கூடாதுன்னு எங்களுக்குக் கட்டுப்பாடு. பேரும் நம்பரும் சேந்த லிஸ்ட் உங்க அலமாரியில இருக்கு. எடுத்து, தூக்குன ஏழு பேரோட நம்பர மட்டும் படிங்க.

—சாவி எங்க வச்சேன்... ம், இந்தா. மூணு. பதினொன்னு. பதினாறு.

—மூணு பேரும் போயிருக்காங்க. அப்புறம்?

—இருவத்தி ரெண்டு. இருவத்தி ஒம்பது. முப்பத்தி ஏழு.

—ஆறும் போயிருக்கு சார்! நீங்க சொன்னது சரிதான், எப்டியும் போறவங்கதான் இவங்க. ஏழாவது?

—ஆறு போதும்னு நெனைக்கிறேன்.

—ஏழுன்னு சொன்னீங்க.

—ஆறுன்னே வச்சுக்கங்களேன் மிஸ். ஒரு நம்பர்ல என்ன குடி முழுகிப் போவுது?

—முழுகும் சார். இது வரைக்கும் உங்க வாய் வார்த்தைய நம்பித்தான் எழுதுறேன். ஒன்ன மறைச்சீங்கன்னா மத்த ஆற அறவாரியத்துல ஏன் நம்பணும்? வெளிய அறுவத்து ரெண்டு பேரு எழுதிப் போட்டிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?

—முப்பத்தி நாலு.

—முப்பத்தி நாலு... போகல. "தொடரவில்லை"ன்னு இருக்கு. அப்ப பன்னெண்டுல ஆறு போனா ஆறு. அந்தப் பக்கம் மிச்சம் பதிமூணு பேர்ல ஆறு பேருதான் போயிருக்காங்க. உங்க பக்கம் ஒம்பது. அதுவும் எப்டிப்பட்ட ஒம்பது! உங்க பக்கத்துலேருந்து கெட்டிக்காரங்களத் தூக்கிட்டீங்க. அந்தப் பக்கத்துலேருந்து கஷ்டப்படறவங்கள எடுத்துட்டீங்க. அப்படியும் உங்க பக்கம்தான் ஜாஸ்தி. திட்டம் வேல செய்யுது சார்!

—நெசமாவா?

—நெசமா. ரெண்டு நாளா என் மண்டையக் குடஞ்சது இதுதான்.

—இன்னொரு தே-ஓ போடட்டுமா மிஸ்? ரெண்டு வருசம் சும்மா கத்துனேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

—தே-ஓ அப்புறம். மொதல்ல நடந்தத அப்படியே உங்க கைப்பட எழுதிக் குடுக்கணும். திட்டத்த விடமாட்டாங்க. ஆனா பொறுப்பாளர் வேலைய வேற டீச்சருக்குக் குடுத்துருவாங்க, அதையும் சொல்லிடறேன்.

—குடுக்கட்டும். அறுவத்து ரெண்டு பேருக்கு முன்னால என் நாற்காலி என்ன பெருசு. பேனாவக் குடுங்க.

—அடுத்த குலுக்கலுக்கு நானே வருவேன். நீங்க செவுத்தப் பாத்துத் திரும்பி நிக்கணும்.

—கண்ணக் கட்டி வேணாலும் விடுங்க லா!

—இன்னொன்னு இருக்கு. தூக்குன ஏழு பேருக்கும் விசயத்தச் சொல்லியாகணும். "உங்க பேரு சீட்டுல வந்துச்சு, எடம் வேற ஆளுக்குப் போச்சு"ன்னு அவங்களுக்குத் தெரியணும். அது அவங்க உரிம.

—ஆறு பேரும் படிச்சுக்கிட்டு இருக்காங்க. சிரிச்சிட்டுப் போயிருவாங்க.

—ஏழாவது ஆளு? அதான் சார் இப்ப எனக்குப் புரியமாட்டேங்குது. எப்டியும் போயிருவாங்கன்னு நீங்க தூக்குன ஏழு பேர்ல ஆறு பேரு போயிட்டாங்க. முப்பத்தி நாலு மட்டும் ஏன் நின்னுருச்சு? மார்க் கொறச்சலா?

—ஏழு ஏ.

—ஏழு ஏ வாங்கிட்டுப் போகலயா? மனு போட்டு எடம் கெடைக்கலயா?

—மனுவே போடல. தேதி முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு.

—வீட்டுல எடுத்துச் சொல்ல ஆளு இல்லயா சார்?

—இருந்துச்சு.

—யாரு?

—நான்தான் மிஸ். முப்பத்தி நாலு என் மக. ஷர்மினி.

—உங்க மகளையேவா சார் தூக்குனீங்க?

—நாப்பது வீட்டுப் புள்ளைங்களுக்கு எடம் பிரிச்சுக் குடுக்கற எடத்துல என் புள்ள பேரு இருந்தா ஊரு என்ன பேசும்? மொதல்ல தூக்குனதே அவ பேரத்தான். கவுன்சிலரே வீட்டுக்குள்ள இருக்கான், இவளுக்கு எதுக்குத் திட்டம்னு நெனச்சேன். அவ பேரு வந்ததே அவளுக்குத் தெரியாது.

—அப்புறம் வீட்டுல உக்காந்து சொல்லிக் குடுத்தீங்களா?

—சனிக்கெழம இங்க. ஞாயித்துக்கெழம ரூபேந்திரன் வீட்டுல, அவுங்கப்பாகிட்ட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். மத்த நாள்ல வீட்டுப் புள்ளதானே, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். ஊரார் புள்ளைய ஊட்டி வளத்தா தம் புள்ள தானா வளரும்னு சொல்லுவாங்க. வளந்துச்சு. ஜொகூர் பாருல கூட்டாளிங்களோட ரூம்பு எடுத்துத் தங்கி, ஒரு கடையில போன் கவரு விக்குது.

—ஏன் மனு போடலன்னு அவங்கள கேட்டீங்களா?

—கேட்டேன். "பரவால்லப்பா"ன்னுச்சு. எதுக்குமே ஆசப்பட்டுக் கேக்காது மிஸ், சின்னதுலேருந்து. அதுக்கு இதுல பெருசா நாட்டம் இல்லன்னு நானே முடிவு கட்டிக்கிட்டேன்.

—இப்ப கூப்புடுங்க.

—இப்பவா? வேல நேரம். நான் வீட்டுக்குப் போயி...

—நாளைக்குப் பாத்துக்கலாம்னா சார்?

—சரி. சரி மிஸ். நீங்களே சொல்லிருங்களேன்.

—நான் சொல்லக்கூடாது. ஸ்பீக்கர்ல போட்டு மேசையில வைங்க. நான் பக்கத்துல இருக்கேன்.

—அடிக்குது... எடுக்காது பாருங்க...

—அப்பா? என்னப்பா இந்த நேரத்துல? அம்மாவுக்கு ஒன்னுமில்லயே?

—இல்லம்மா ஷர்மினி, எல்லாம் நல்லாத்தான் இருக்கோம். சாப்புட்டியா?

—மணி மூணுப்பா. சாப்புட்டேன். என்ன விசயம், சொல்லுங்க.

—இங்க ஜாக்லின் மிஸ் வந்திருக்காங்க. அந்தத் திட்டத்தப் பத்தி விசாரிக்க. நீ பேசறது அவங்களுக்கும் கேக்கும், சரியா?

—ஹலோ மிஸ். ஆனா நான் அந்தத் திட்டத்துலயே இல்லயே.

—தெரியும் ஷர்மினி. அப்பா உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்னாரு. நேரம் இருக்கா?

—கடையில ஆளு இல்ல, பேசலாம். அப்பா?

—அன்னைக்கு மழ பேஞ்ச அன்னைக்கு, நீங்கல்லாம் போனப்புறம் சீட்டு எடுத்தேன்ல. உன் பேரு வந்துச்சும்மா. நான்தான் எடுத்துட்டு வேற புள்ள பேரப் போட்டேன்.

—என்னப்பா சொல்றீங்க? என் பேரு வந்துச்சா?

—வந்துச்சு. நாலாவதா வந்துச்சு.

—நெசமாவே வந்துச்சா?

—வீட்டுல அப்பா இருக்கேன், உனக்கு எதுக்குன்னு நெனச்சிட்டேன். தப்புதான். தப்புதான்மா. ஆனா நீயும் ஒரு நாளும் வாயத் தொறக்கலயே. உனக்கு இதுல ஆசன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பா செஞ்சிருக்க மாட்டேனே.

—எல்லாரும் ஒரு சீட்டு போட்டாங்கப்பா, நான் யாருக்கும் தெரியாம ரெண்டு போட்டேன். ரெண்டு போட்டும் வரலன்னதும், படிப்புல எனக்குக் குடுப்பினையே இல்லன்னு அந்த யூனிவர்சிட்டி மனுவத் தொடவே இல்ல.